சேணம் தைத்தவரின் பெயர்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று தோழர் தொலைபேசியில் கேட்டபோது, "லக்ஷரி பிராண்ட் மேனேஜ்மென்ட்" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அக்கா, லைன் சரியில்ல, திரும்பச் சொல்லுங்க" என்றார். லைன் சரியாகத்தான் இருந்தது. இரட்டைமலையார் நினைவு நாளில் பணக்காரர்கள் வாங்கும் கைப்பை பற்றிப் பேசுவதா என்கிற தயக்கம் அது. அந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஆம்பூர்ப் பக்கம் ஒரு படிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது பி.காம். கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய அம்மா ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். அப்போதே பத்தொன்பது வருட சர்வீஸ்.

"அக்கா, ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"இங்கிலாந்துல லக்ஷரி பிராண்ட் மேனேஜ்மென்ட்னு எம்.ஏ. இருக்குக்கா. அதுக்குப் போட்டுப் பாக்கலாமான்னு இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நிற்கவில்லை. "ஏம்மா, சட்டம் படி, சமூகவியல் படி, பத்திரிகைத் துறைக்குப் போ. பணக்காரனுக்குப் பை விக்கிறதுக்கா அவ்வளவு தூரம் போகணும்?" என்று ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே, "தைக்கிறது எங்கம்மாதானேக்கா. அத எப்படி விக்கிறாங்கன்னு நான் படிக்கக் கூடாதா?" என்றாள்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. எம்.ஏ. சமூகவியலில் நான் சேர்ந்தபோது, எங்கள் ஊர்த் தெருக்காரர் ஒருவர் என் அப்பாவை நிறுத்தி, "உங்க புள்ளைக்கு டீச்சர் டிரெய்னிங் போதுமே, எம்.ஏ. எதுக்கு?" என்று கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் கேட்டார், நான் நல்ல எண்ணத்தில் கேட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் எங்கள் இருவருடைய வாக்கியமும் ஒன்றுதான். இன்ன பிள்ளைக்கு இன்ன படிப்பு.

சரி, அந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். பாரிஸ் அருகே உள்ள எசெக் வணிகப் பள்ளி 1995-லேயே இதற்கென்று ஒரு எம்.பி.ஏ. தொடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வின்செஸ்டர் கலைப் பள்ளியில் இதே பெயரில் எம்.ஏ. இருக்கிறது. நுகர்வோர் நடத்தை, கடை அமைப்பு, விலை வைக்கும் முறை, சரக்கு வரும் வழி, வணிகச் சின்னம் பற்றிய சட்டம், ஒரு நிறுவனத்தின் "பாரம்பரியத்தை"க் கதையாகச் சொல்வது என்று பாடங்கள் போகின்றன. இவற்றில் பாதி, வேறு பெயரில் எம்.பி.ஏ. படிக்கும் எவருக்கும் வருவதுதான். மீதிப் பாதிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இந்தத் துறையில் பரவலாகப் பேசப்படும் புத்தகம் ஒன்று உண்டு. ழான்-நோயல் கப்ஃபெரர் என்ற பேராசிரியரும், லூயி வூத்தான் நிறுவனத்தை நடத்திய வின்சென்ட் பாஸ்டியனும் சேர்ந்து 2009-ல் எழுதிய "தி லக்ஷரி ஸ்ட்ராடஜி". சாதாரண வியாபாரத்துக்கு நேர் எதிரான விதிகளை அது வரிசையாகச் சொல்கிறது. எளிதில் கிடைக்க விடாதே, வாங்க வருபவரைக் காக்க வை. விலையைக் குறைத்து விற்பனையைப் பெருக்காதே, விலையை ஏற்றியே ஆசையைப் பெருக்கு. வாங்கவே முடியாதவர்களுக்கும் அந்தப் பொருளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் வாங்கியவனுக்கு என்ன பெருமை? எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவர்களை வாங்காதவர்களிடமிருந்து காப்பாற்று. ஜனநாயகம் கலைத்துவிட்ட சமூகப் படிநிலையை ஆடம்பரம் மறுபடியும் உண்டாக்கித் தருகிறது என்று அந்த ஆசிரியர்கள் மறைக்காமலே எழுதுகிறார்கள்.

தோழர்களே, இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. இது எனக்குத் தெரிந்த பாடமாயிற்றே என்றுதான் தோன்றியது. தொடாமல் இருப்பதால் மதிப்பு கூடும், விலக்கி வைப்பதால் உயர்வு உண்டாகும் என்பதை எங்கள் பாட்டி எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகாமல் தெரிந்து வைத்திருந்தாள். அவள் அதைக் கற்றது வாசலுக்கு வெளியே நின்று.

ஓர் உதாரணம். பர்பெரி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கட்டம் போட்ட துணியைப் பார்த்திருப்பீர்கள். 2000-களின் தொடக்கத்தில் அந்தக் கட்டத்தை இங்கிலாந்தின் உழைக்கும் வர்க்க இளைஞர்கள் தொப்பியாகப் போட ஆரம்பித்தார்கள். பாதி போலி, பாதி அசல். உடனே அந்தத் துணிக்கே இழிவு வந்துவிட்டது. அந்தக் கட்டம் போட்டு வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று சில மதுக்கூடங்கள் அறிவித்தன. நிறுவனம் 2004-ல் அந்தத் தொப்பியைத் தயாரிப்பதையே நிறுத்தியது, தன் பொருட்களில் கட்டம் வெளியே தெரியும் அளவையும் குறைத்துக்கொண்டது. யார் உடம்பில் ஏறியது என்பதால் துணி தீட்டுப்பட்டது! அதே நிறுவனம் 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது. மலிவு விலையில் வேறு கைகளுக்குப் போவதைவிட அழிவதே மேல் என்பது கணக்கு. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு எழுந்த பிறகு, 2018-ல் இனி எரிக்க மாட்டோம் என்றார்கள்.

இதை அப்படியே சாதி என்று சொல்லிவிட மாட்டேன். சமூகவியல் படித்தவள் அப்படிச் சொன்னால் என் ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். பணம் வந்தால் அந்த ஏணியில் ஏறலாம். நம்முடைய ஏணியில் பணம் வந்தாலும் ஏற முடியாது, புது வீடு கட்டினால் கொளுத்துவார்கள். ஆனால் இரண்டுக்கும் இலக்கணம் ஒன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் அந்தப் பட்டியலைப் பதினொன்றாக நீட்டினார்கள். அதில் ஒன்று, அவர்களின் பிள்ளைகள் படிக்கக் கூடாது.

செருப்புக்கும் படிப்புக்கும் தடை ஒரே கையால் எழுதப்பட்டது. அதனால்தான் நல்ல சட்டை, நல்ல செருப்பு என்பதை நம் ஆட்கள் சிலர் "நுகர்வு மோகம்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கும்போது எனக்கு ஒப்புவதில்லை. அம்பேத்கரின் கோட்டும் டையும் மோகத்தில் போட்டவை அல்ல.

இப்போது தோலுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

எர்மெஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களுடைய பிர்கின் கைப்பையைக் கையில் பணத்தோடு போனாலும் நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது. அந்தக் கடையில் மற்றப் பொருட்களை வாங்கிக் குவித்து ஒரு வரலாறு உண்டாக்கினால்தான் பையைக் கண்ணில் காட்டுவார்கள் என்று குற்றம் சாட்டி 2024-ல் கலிபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். யார் இந்த எர்மெஸ்? 1837-ல் பாரிஸில் குதிரைக்குச் சேணமும் கடிவாள வாரும் தைத்த தியெரி எர்மெஸ் என்ற தோல் தொழிலாளி. பிராடா 1913-ல் மிலானில் தோல் சாமான் கடையாகத் தொடங்கியது. குச்சி 1921-ல் ஃபிளாரன்ஸில், அதுவும் தோல்தான். ஐரோப்பாவில் தோல் தைத்தவரின் குடும்பப் பெயர் நூறு வருடத்தில் உலகத்திலேயே விலை உயர்ந்த பெயராகிவிட்டது. நம் நாட்டில் தோல் தொழில் செய்தவரின் சாதிப் பெயர் வசைச்சொல்லாக நிற்கிறது. ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொது இடத்தில் "சமார்" என்று அழைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்ல வேண்டியிருந்தது.

ஊசி, நூல், தோல் மூன்றும் இரண்டு இடத்திலும் ஒன்று. பெயருக்கு மட்டும் இப்படி எதிரெதிரான விதி எப்படி வந்தது? இந்தக் கேள்வியை நான் எம்.ஏ.வில் கேட்டதில்லை. என் வகுப்பில் புர்தியூ நடத்தினார்கள். ரசனை என்பது வர்க்கம் போட்டுக்கொள்ளும் வேலி என்று அவர் 1979-ல் எழுதியதை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். பாலாற்றங்கரையில் தைக்கப்படும் ஷூவுக்கு எங்கே, யார் கையில், எந்த இடத்தில் விலை ஏறுகிறது என்பதை எந்த வகுப்பிலும் பேசவில்லை. அதை அந்த பி.காம். பெண் கேட்டாள்.

பாலாற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. டேனரியின் ஈர வேலைகளில் பெரும்பகுதி நம் சேரிகளிலிருந்து போன கைகள். 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதாக ஒரு கணக்கெடுப்பு சொன்னதை 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்கிற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் நம் வேலூர் மாவட்டத்து வழக்குக்கும் பெரும் பங்கு உண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இது நம் பக்கத்துக் கதை. அந்தப் பக்கத்துக் கதையும் சுத்தமாக இல்லை. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோர் நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவு ஒன்றை நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு கைப்பையைத் தைத்துக் கோப்பதற்கு, தோல் முதலிய மூலப்பொருள் செலவு நீங்கலாக, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது 53 யூரோ. பட்டறையிலேயே படுத்துறங்கிய சீனத் தொழிலாளர்கள். வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவிட்ட இயந்திரங்கள். அர்மானி நிறுவனத்தின் ஒரு பிரிவுக்கும் அதே ஆண்டு இதே கதி. "இத்தாலியில் செய்தது" என்ற முத்திரையை நம்பியவர்களுக்கு அது அதிர்ச்சி. நமக்கு என்ன அதிர்ச்சி? 53-க்கும் 2,600-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதானே அந்தப் பாடத்திட்டம். அந்த இடைவெளியை வெளியே நின்று திட்டியே பழகிவிட்டோம். உள்ளே இருந்து கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் நம் பக்கம் வேண்டாமா?

2025-ல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூனில் மிலானில் நடந்த ஆடை அணிவகுப்பில் பிராடா ஒரு செருப்பைக் காட்டியது. பார்த்தவுடன் தெரியும், கோலாப்பூரி. அவர்கள் போட்ட குறிப்பில் "தோல் செருப்பு" என்று மட்டும் இருந்தது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டங்களும் கர்நாடகத்தில் நான்கு மாவட்டங்களும் சேர்ந்து 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. சத்தம் எழுந்ததும், இந்தியக் கைவினைச் செருப்பிலிருந்து தூண்டுதல் பெற்றோம் என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில், இரு மாநிலத் தோல் தொழில் வாரியங்களோடு ஒப்பந்தம் செய்து, 2,000 ஜோடிகளை இங்கேயே தயாரித்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப்போவதாக அறிவித்தார்கள்.

அந்த ஆறு மாதமும் தொலைக்காட்சியில் ஓடியது "இந்தியப் பாரம்பரியத்தைத் திருடிவிட்டார்கள்" என்கிற கூப்பாடு. தலைமுறை தலைமுறையாக அதைத் தைத்தவர்கள் சாம்பார் சமூகத்தினர், தலித்துகள், என்பதைச் சொன்ன குரல்கள் குறைவு. செருப்பு இந்தியாவின் பாரம்பரியம், தைத்தவன் தீண்டத்தகாதவன்! பிராடா பெயரை மறைத்தது சில நாட்கள். நம்மவர்கள் மறைத்தது எத்தனை நூற்றாண்டு? அதே கோலாப்பூரில்தான் சாகு மகாராஜா 1902-ல் இடஒதுக்கீடு ஆணை போட்டார் என்பதையும், 1920-ல் அந்தச் சமஸ்தானத்து மாண்காவ் மாநாட்டில் இளம் அம்பேத்கரைத் தலைவராக அறிமுகப்படுத்தினார் என்பதையும் தம்பிமார்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மும்பையில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் தாராவியின் தலித் தோல் தொழிலாளிகளைச் சேர்த்துக்கொண்டு, மாட்டிறைச்சித் தடைக்குப் பிறகு தோல் கிடைக்காத நிலையில், பழைய டயர் ரப்பரை மறுசுழற்சி செய்து பைகள் தைக்கத் தொடங்கினார். அந்த நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயர் "சமார் ஸ்டுடியோ". வசைச்சொல்லை எடுத்துப் பையின் மேல் பெயராகப் பதித்தார். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மயாமி நகரத்து வடிவமைப்புக் கண்காட்சியில் அவர்களுடைய நாற்காலிகள் வைக்கப்பட்டன, பாடகி ரிஹானா ஒன்றை வாங்கினார். இது விடுதலை ஆகிவிடுமா என்று கேட்டால் ஆகாது. தலித் முதலாளியம் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகங்களை நான் வேறு மேடைகளில் பேசியிருக்கிறேன், அவற்றை விட்டுவிடவும் இல்லை. நாலு பேர் பை விற்றுப் பணக்காரர் ஆனால் நானூறு பேரின் கூலி உயர்வதில்லை. ஆனால் பெயரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்கு இரட்டைமலையாரை நினைவுபடுத்தியது.

கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் வரலாற்றுச் சுருக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய நானூறு மாணவர்கள், பத்துப் பேரைத் தவிர எல்லாரும் பார்ப்பனர்கள். யாராவது நெருங்கிப் பழகினால் ஊர், உறவு, சாதி என்று கேள்வி வந்துவிடுமே என்று பயந்து, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்திருப்பார். விளையாட முடியவில்லையே என்கிற ஏக்கத்தையும் எழுதியிருக்கிறார். அப்படிப் பெயரை மறைத்துப் படித்த அந்தப் பையன்தான் 1893 அக்டோபரில், நான்கு பக்கங்களில், இரண்டணா விலையில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் "பறையன்" என்று பெயர் வைத்தார். பெயரை ஒளிப்பவனால் உரிமையைக் கேட்க முடியாது என்பது அவர் நிலை. சமார் ஸ்டுடியோவுக்கு நூற்றிருபது வருடங்களுக்கும் முன்னால்.

இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கர். சுமார் பத்து வருடம் வியாபாரக் கணக்கு எழுதியவர். நாம் அவரை வட்டமேசை மாநாட்டுப் படத்தில் மட்டும் மாட்டி வைத்திருக்கிறோம். அம்பேத்கரையும் அப்படித்தான். கொலம்பியாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் திரும்பிய பிறகு, பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலை பம்பாயில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். பிறகு 1918-ல் அவர் பேராசிரியராகச் சேர்ந்தது சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில். அங்கேயும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையில் அவர் குடிப்பதற்குச் சக ஆசிரியர்கள் எதிர்ப்புச் சொன்னார்கள். வணிகம் நம் தலைவர்களுக்கு அந்நியத் துறை அல்ல. அந்தத் துறையிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவ்வளவுதான்.

நம் பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் அரசும் பின்தங்கவில்லை. பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் நாட்டில்! 2022 பிப்ரவரியில் அதன் விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனிப் பணம் கிடையாது. 1916 மே மாதம் கொலம்பியாவில் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த "இந்தியாவில் சாதிகள்" கட்டுரையை எழுத விரும்பும் மாணவருக்கு இன்றைய விதிப்படி உதவித்தொகை இல்லை. மேலாண்மை படிக்கலாம், சாதியைப் படிக்கக் கூடாது.

இதைச் சொன்னவுடன் நம் தோழர் ஒருவர், "பாத்தீங்களா, அதனாலதான் மேலாண்மை வேண்டாங்கிறோம்" என்றார். அரசு ஒரு பக்கக் கதவைச் சாத்துகிறது என்பதற்காக நாம் மறுபக்கக் கதவைச் சாத்துவதா? சாதியை ஆராய விரும்பும் பிள்ளைக்கு அந்த உரிமை வேண்டும். அதற்காக வழக்கும் போடுவோம், தெருவிலும் நிற்போம். கைப்பை விற்கும் கலையைப் படிக்க விரும்பும் பிள்ளைக்கும் அந்த உரிமை வேண்டும். மற்றச் சாதிப் பிள்ளைகள் தனக்குப் பிடித்ததைப் படிக்கப் போகும்போது யாரும் அவர்களிடம் "சமூகத்துக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்பதில்லை. நம் பிள்ளை மட்டும் ஊரையே முதுகில் சுமந்துகொண்டு விமானம் ஏற வேண்டுமா?

மாணவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆசை காட்டிவிட்டுப் போன பாவம் எனக்கு. கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் ஒரு வருடத்துக்கு 30 லட்சம் ரூபாயைத் தாண்டும். வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்து ஈடு கேட்பார்கள். பட்டா இல்லாத நம் தெருவில் யாரிடம் இருக்கிறது ஈடு? தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதன் விதிகளைத் துறை அலுவலகத்திலேயே நேரில் போய்க் கேளுங்கள். ஒன்றிய அரசின் திட்டத்துக்கு உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்கும் பல்கலைக்கழகம் வேண்டும், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், வயது 35-க்குள். ஆடம்பரப் பெயர் வைத்த பல தனியார் கல்லூரிகள் அந்தத் தரவரிசைக்குள்ளேயே வராது. தேர்வானாலும் நிம்மதி இல்லை. 2025-ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நிதி வந்தால் பார்ப்போம் என்றார்கள்.

கன்சல்டன்சிக்காரர் சொல்லும் கல்லூரி அவருக்குக் கமிஷன் தரும் கல்லூரி என்பதை மறக்காதீர்கள். படித்து முடித்தவர்கள் பிரிட்டனில் தங்கி வேலை தேட இப்போது இரண்டு வருடம் தருகிறார்கள், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால், வேலை விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வரும் இளையவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பளபளப்பான கடைகளில் நிற்கிற எல்லாருக்கும் அந்தச் சம்பளம் இல்லை. கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய கடிதத்தை, தன்னைப் பற்றி ஒரு பக்கம், எழுதி எனக்கு அனுப்பினாள். நான் திருத்தினேன். திருத்தினேன் என்றால், செத்துப்போன பாலாறு, அம்மாவின் முதுகுவலி, தலைமுறை ஒடுக்குமுறை, எல்லாவற்றையும் நன்றாக ஏற்றி எழுதினேன். எனக்குக் கைவந்த மொழி அதுதானே. இரண்டு நாள் கழித்து அழைத்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்கம்மாவப் பாவமா எழுதிட்டீங்க."

"உண்மைதானேம்மா அது?"

"உண்மைதான். ஆனா அதப் படிச்சா எங்கம்மாவுக்கு என்ன தெரியும்னு ஒருத்தருக்கும் தெரியாதுக்கா."

கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. படிநிலையை விற்பவர்களைப் பற்றி இவ்வளவு பேசிய நான், அவளுடைய வலியை நல்ல விலைக்குப் போகும்படி பொட்டலம் கட்டியிருக்கிறேன். அவள் என் பத்திகளை அடித்துவிட்டு, தானே எழுதியிருந்தாள். கட்டைவிரலால் ஒருமுறை தடவினாலே அது மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தோலா முதுகுப் பக்கத்துத் தோலா என்று அம்மா சொல்லிவிடுவார். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், முதுகு நீளாது. ஒரு ஜோடியின் இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி இழுபடும் தோல் வந்திருக்கிறதா என்று பார்த்து, வராததைத் தள்ளிவைப்பார். சூப்பர்வைசர் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்த்துவிடுவார். இந்த அறிவுக்கு நிறுவனத்தில் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை. விற்கும் இடத்தில் "கைவினைத் திறன்" என்று இதைத்தான் விளம்பரப்படுத்துகிறார்கள். நான் அதைப் படிக்க வருகிறேன். இவ்வளவுதான் கடிதம். சாதியை எழுதலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டாள், முடிவை அவளிடமே விட்டேன். எழுதியிருந்தாள், கடைசிப் பத்தியில், ஒரு வரியில், எந்த விளக்கமும் இல்லாமல்.

பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது. உதவித்தொகை முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம் பேசினேன். அங்கே குளிருமாமே, மகளுக்கு நல்ல ஷூ வேண்டுமே என்று அம்மாவுக்குக் கவலையாம். தான் தைக்கிற மாடலே அந்த ஊர்க் கடையில் என்ன விலை என்று நெட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மகள் பார்த்து, ரூபாயில் கணக்குப் போட்டுச் சொன்னாளாம். அம்மா நம்பவில்லை. போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி, தையலை உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம லைன்ல போனதுதான்" என்றாராம்.